எல்லைக்கு இருபுறமும் ஒலிக்கும் வில்

குஜராத்தில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்கள், கால்களையுடைய முகர்மான் என்னும் முரசையும் அதனோடு இணைந்த தமால் ஆட்டத்தையும் பாவா கோர் என்னும் ஞானியின் வழிபாட்டோடு பிணைத்துக் காத்துவந்தனர். அவ்வாறே கேரளத்தின் தெற்கு எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் வில்லுப்பாட்டு இசக்கி, மாடன் முதலிய நாட்டார் தெய்வங்களின் கோயில்களைச் சார்ந்தே நிலைத்தது. மணிகள் கட்டிய நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் அடித்துத் தலைமைப் பாடகர் கதை தொடங்க, குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ள, பின்பாட்டுக்காரர் அடிகளை ஏற்றுப் பாடும் இக்கலை, மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு எனப்படுகிறது. திருவிதாங்கூர்ப் படைத்தலைவன் இரவிக்குட்டிப்பிள்ளை மதுரை நாயக்கர் படையை எதிர்த்து மாண்ட கதை இதன் வழியே தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழியினருக்கும் பொதுச்சொத்தாயிற்று. மாநிலங்கள் சீரமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று அண்டை வட்டங்களான விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தில் சேர, தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று வகுத்த எல்லையைக் கலைக்கும் எல்லையாகக் கொள்வது பெரும் பிழை. கலைஞரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், முதிய பாடகர்களிடமுள்ள கதைப்பாடல்களைக் கேரள நாட்டார் கலை அகாதமியும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் கூட்டாகப் பதிவுசெய்து, இருபுறத்துப் பள்ளிகளிலும் பயிற்றுவிக்க முன்வர வேண்டும்.