ஒரு பட்டா, நாலு பேர், பன்னிரண்டு வரி

பந்தல்குடிப் பக்கம் கூட்டுப் பட்டா சர்வசாதாரணம். தாத்தா பெயரில் இருந்த கரிசல் காடு அண்ணன் தம்பிகள் பெயருக்கு மாறியிருக்கும். யாருக்கு எந்தப் பக்கம் என்பது வரப்புக்குத் தெரியும், பட்டாவுக்குத் தெரியாது.

தரவு வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பட்டா ஒரே பதிவு. அதற்குள் இரண்டு பட்டியல்கள். ஒன்று பெயர்கள், மற்றது சர்வே எண்ணும் உட்பிரிவும். இதைக் கிளவுட் தரவுக்கிடங்குக்கு நகலெடுக்கும்போது பலர் முதலில் செய்வது, உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்துத் தனித்தனி வரிகளாக்குவதுதான். பிக்குவெரி என்ற கிடங்கில் இதற்கு அன்நெஸ்ட் என்று பெயர், ஸ்னோஃப்ளேக்கில் ஃபிளாட்டன். நாலு பெயர், மூன்று உட்பிரிவு, மொத்தம் 12 ஏக்கர் புன்செய் என்று வையுங்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பிரித்தால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு உட்பிரிவோடும் ஒட்டிக்கொண்டு 12 வரிகள் வரும். கூட்டிப் பார்த்தால் 48 ஏக்கர். பெயர்வாரியாகக் கூட்டினால் ஆளுக்கு 12 ஏக்கர்!

இது வெறும் கணக்குப் பிழையோடு நிற்காது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு நில வரம்பு உண்டு: நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர். அதற்கு மேல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் கிடையாது. மேலே சொன்ன நகலை வைத்து வடிகட்டினால் நாலு வீட்டுப் பெண்களும் வெளியே. சம பங்கென்றால் வீட்டுக்கு 3 ஏக்கர்தான், அதுவும் வானம் பார்த்த பூமி.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. குடும்ப அட்டைப் பதிவுக்குள் நிலத்தை ஒரு பட்டியலாக வைத்தால், நிலமே இல்லாத குடும்பத்துக்கு அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கும். சாதாரண இணைப்பில் பிரித்தால் அந்தக் குடும்ப அட்டையே நகலில் வராது. எந்தப் பிழைச் செய்தியும் எழாது. களையெடுக்கப் போகிறவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிக்குப் போகிறவர் எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். வெறும் பட்டியல் உள்ள பதிவையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இடது இணைப்பு (லெஃப்ட் ஜாயின்) என்ற ஒரு சொல் மாற்றம் போதும், அவர்கள் தங்கிவிடுவார்கள். ஏழைக்கான திட்டத்தில் ஏழையின் பதிவு முதலில் உதிர்வதை எப்படிப் பொறுப்பது?

ஆகவே நான் பிடிவாதமாகச் சொல்வது இது: பதிவைப் பிரிக்காமல் அப்படியே கிடங்கில் இறக்குங்கள், வடிகட்டுவதைப் பிறகு அங்கே செய்யுங்கள். செலவு ஏறும் என்பார்கள். ஆனால் பிக்குவெரியின் அடியில் இருக்கும் டிரெமல் முறையைக் கூகுள் பொறியாளர்கள் 2010-இலேயே கட்டுரையாக வெளியிட்டார்கள். உள்ளடுக்குப் பதிவையும் புலம் புலமாகச் சேமித்து, கேட்ட புலத்தை மட்டும் படிக்கும் முறை அது. பரப்பளவை மட்டும் கேட்டால் மற்றதைத் தொடாது. கேட்கும்போது மட்டும் கட்டும் திட்டத்தில் கட்டணமும் படித்த அளவுக்குத்தான்.

எதை நீக்குவது என்பதையும் நிரலர் தனியாக முடிவு செய்யக் கூடாது. ஓர் உறுப்பினர் வருமான வரி கட்டினால் அட்டை முழுவதும் தகுதி இழக்கும். ஓர் உட்பிரிவு விற்றுப் போனால் பட்டியலில் அந்த உட்பிரிவு மட்டும் நீங்க வேண்டும், பட்டா நிற்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கு இந்த வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விதியை எழுத வேண்டும்.

நீக்கிய வரிகளையும் காரணத்தோடு தனி அட்டவணையில் வைத்திருக்க வேண்டும். உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அருப்புக்கோட்டை அலுவலகத்தில் அந்த மனுவைப் பிரிப்பவருக்கு ‘நில வரம்பு மீறல்’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பட்டா, எந்த உட்பிரிவு, அதில் எத்தனை பேர் பங்கு என்பது அவர் திரையில் வர வேண்டும்.