மதிப்பெண் குறைந்தால் மூளை மங்கிவிட்டது என்று அர்த்தமா?

யாரும் பேசாதபோதே குரல் கேட்பது, யாரோ தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது... இப்படிப்பட்ட அறிகுறிகள் கொண்ட மனநோய் நிலையை ‘சைக்கோசிஸ்’ என்கிறார்கள். பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்கும். கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவற்றையும் இது பாதிக்கும். அதனால் ஆரம்பக்கட்டத்திலேயே இவற்றைச் சோதிப்பது உண்டு. படிப்பைத் தொடரலாமா, எந்த வேலை ஒத்துவரும் என்று முடிவுசெய்ய அந்த மதிப்பெண் கைகொடுக்கும்.

பல இன மக்கள் வாழும் நாடுகளில், இந்தச் சோதனைகளில் சிறுபான்மை இனத்தவரின் மதிப்பெண் சராசரியாகக் குறைவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. உடனே ‘அந்த இனமே அப்படித்தான்’ என்று முடிவுகட்டலாமா?

முதலில் நோயையே பார்ப்போம். 1997 முதல் 1999 வரை லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் ஆகிய நகரங்களில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மனச்சிதைவு நோய் புதிதாக வருவது, வெள்ளையர்களைவிட கரீபியன் வம்சாவளியினரிடம் சுமார் 9 மடங்கு அதிகம் எனத் தெரியவந்தது. ஆனால், ஜமைக்கா, பார்படோஸ் தீவுகளில் வாழும் மக்களிடம் இந்த அளவுக்கு நோய் இல்லை. அப்படியானால் காரணம் இனமல்ல. வாழும் சூழல், பாகுபாடு, தனிமை போன்றவற்றை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

மதிப்பெண்ணிலும் இதே எச்சரிக்கை தேவை. எண்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனை உலகெங்கும் உண்டு. 1980-ல் வெளியான ஓர் ஆய்வில், வேல்ஷ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சோதனையை வைத்தார்கள். ஆங்கிலத்தைவிட வேல்ஷ் மொழியில் குறைவான எண்களையே அவர்களால் நினைவில் வைக்க முடிந்தது. வேல்ஷ் எண்களைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதே காரணம். அதே ஆள், அதே மூளை. மொழி மாறியதும் மதிப்பெண்ணும் மாறிவிட்டது!

சொல்லுக்குப் பொருள் கேட்கும் சோதனையில் பள்ளிப்படிப்பும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. ஆகவே, நோயாளியின் மதிப்பெண்ணை அதே மொழி, அதே வயது, அதே அளவு படிப்புள்ள ஆரோக்கியமானவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறு யாரோடோ ஒப்பிட்டால், நோய் பறிக்காத திறனையும் நோய் பறித்துவிட்டதாகக் கணக்கு வந்துவிடும். ‘இனி இவனுக்குப் படிப்பு வராது’ என்று 20 வயதுப் பிள்ளையின் கதவை நாமே சாத்திவிடுவோம்.

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். ‘எல்லாம் மொழிப் பிரச்னை’ என்று ஒதுக்கினால், நிஜமாகவே நினைவாற்றல் குறைந்தவருக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைக்காமல் போகும்.

எனவே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊரில் இந்தச் சோதனை நடந்தாலும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்த மொழியில் சோதித்தீர்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்? நோய் வருவதற்கு முன் இவர் எப்படிப் படித்தார், என்ன வேலை செய்தார் என்பதைக் கணக்கில் எடுத்தீர்களா? கடைசிக் கேள்விக்கான பதில், குடும்பத்தாராகிய உங்களிடம்தான் இருக்கிறது.