வணிகர் வீட்டுக்கு ஏற்ற ஸ்கேனர்



எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைய நிலையில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதிய கணக்கே ஆனாலும், நகல் எடுத்து வைக்காவிட்டால் அதற்கும் அதே கதிதான்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நமக்கு மற்ற ஊர் வணிகர்களைவிடக் காகிதம் அதிகம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். காலையில் பெங்களூரில் கொள்முதல், மாலையில் சூளகிரியிலோ காவேரிப்பட்டினத்திலோ விற்பனை என்பது நமக்குச் சாதாரணம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஜூஜூவாடியில் வணிக வரிச் சோதனைச் சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. லாரியை ஓரம் கட்டிக் காத்துக் கிடந்த காலம் முடிந்தது. ஆனால் காகிதம் முடிந்துவிடவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வந்தது. அதோடு கொள்முதல் பில், லாரி ரசீது, எடைச்சீட்டு, இறக்கிக்கொண்டதற்கான கையெழுத்து என்று ஒரு லோடுக்கு நாலைந்து தாள் சேர்ந்துவிடுகிறது.

ஒற்றைத் தாளின் மதிப்பு என்ன என்பதைப் பழைய சி படிவக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய விற்பனை வரியில் 2008 ஜூன் முதல் சி படிவம் இருந்தால் 2 சதவீதம். படிவம் இல்லையென்றால் அந்தச் சரக்குக்கு உள்ளூரில் என்ன வரியோ அவ்வளவும் கட்ட வேண்டும். ஒரு படிவம் காணாமல் போனால் ஒரு வருட லாபம் போன வியாபாரிகள் உண்டு.

இப்போதும் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் பில்களையும் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கான ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக, 2023 ஏப்ரலில் வாங்கிய சரக்கின் பில்லை 2030 டிசம்பர் 31 வரை கேட்கலாம். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் அது முடிந்த பின்னும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஏழே முக்கால் வருடம்!

அத்தனை காலம் காகிதம் தாங்குமா? இப்போது பல இடங்களில் கொடுப்பது வெப்பத்தில் எழுத்து விழும் தெர்மல் பேப்பர். மையே கிடையாது. மேலே பூசிய மருந்து சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயில் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும், பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தாலும் மங்கிப் போகிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஃபைலைத் திறந்தால் வெள்ளைத் தாள் மட்டும் இருக்கும். அதை நீட்டி எந்த அதிகாரியிடம் உள்ளீட்டு வரி வரவு கேட்பது?

யார் கையில் நம் காகிதம்?

"ஸ்கேன் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் பத்து ரூபாய்க்கு எடுத்துத் தருகிறானே, இதற்கு மெஷின் எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நடப்பதைக் கவனியுங்கள். நம் பான் கார்டு, ஆதார், மின்கட்டண ரசீது, கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. நமக்கு அனுப்பியபின் அதை அழித்தார்களா என்று நாம் பார்ப்பதில்லை. அடுத்து வருபவர் அதே நாற்காலியில் உட்காருகிறார்.

பிறர் பான், ஆதார் விவரங்களைக் கொண்டு போலி ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு விற்கும் கூட்டம் நாடெங்கும் இருக்கிறது. இதைப் பிடிக்கவே 2023 மே 16 முதல் ஜூலை 15 வரையிலும், 2024 ஆகஸ்ட் 16 முதலும் நாடு முழுவதும் வரித்துறையினர் தனி ஆய்வு நடத்தினார்கள். நம் பெயரில் எங்கோ ஒரு கம்பெனி ஓடி, நமக்கு நோட்டீஸ் வந்தால், நாம் அவனில்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான் விழும். பத்து ரூபாய் மிச்சம் பார்த்து அடையாளத்தைப் பொது இடத்தில் விட்டுவிட்டு வருவது வியாபார புத்தி ஆகாது.

கைபேசியில் படம் எடுத்தால் போதாதா? அன்றாட டெலிவரி கையெழுத்துக்குப் போதும். ஆனால் விரல் நிழல் விழுகிறது, ஓரம் வளைகிறது, மங்கிய எழுத்து தெரிவதில்லை. ஸ்கேன் செயலிகளை நம்பி இருந்தவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. கடைக்குக் கடை அதைத்தான் வைத்திருந்தார்கள். நம் காகிதத்தை நம் வீட்டில், நம் கண் முன்னால் நகல் எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எதை வாங்குவது?

ஜெராக்ஸ் மெஷின் போல மூடியைத் தூக்கிக் கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனரே நமக்கு ஏற்றது. தாளை உள்ளே இழுத்துத் தள்ளும் மெஷின் வேகமானதுதான். ஆனால் மடிப்பு விழுந்த பத்திரத்தையும் பொடிந்த புரோநோட்டையும் அதில் விட்டால் கிழித்துவிடும். கண்ணாடி மேல் வைத்தால் காகிதம் அசைவதே இல்லை.

பத்தாயிரம் ரூபாய்க்குள் கேனன் லைட் 300, லைட் 400, எப்சன் வி39 வரிசை போன்றவை கிடைக்கின்றன. இந்த மூன்றும் வீட்டு உபயோகத்துக்கு வந்தவையே. கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல் ஐந்து விஷயங்களை நாமே பார்க்க வேண்டும்.

முதலாவது, டி.பி.ஐ. என்ற எண். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது அது. ஒன்றில் 2400 என்றும் இன்னொன்றில் 4800 என்றும் பெட்டியில் போட்டிருக்கும். பெரிய எண்ணுக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பில்லுக்கும் பத்திரத்துக்கும் 300 போதும். பழைய கல்யாண போட்டோவுக்கு 600 தாராளம். எண் இரட்டிப்பானால் கோப்பின் கனம் நான்கு மடங்காகும். 300க்குப் பதில் 1200 வைத்தால் பதினாறு மடங்கு. ஜி.எஸ்.டி. தளத்தில் பெரிய கோப்புகளை ஏற்கவே மாட்டார்கள். எண்ணைப் பார்ப்பதானால் 'ஆப்டிகல்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதுதான் மெஷின் உண்மையில் பார்ப்பது. அதற்கு மேல் காட்டும் எண் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஊதிக்காட்டுவது.

இரண்டாவது, உள்ளே இருக்கும் கண். சி.ஐ.எஸ். என்றும் சி.சி.டி. என்றும் இரு வகை. விலை குறைந்தவை எல்லாம் சி.ஐ.எஸ். மெல்லியவை, கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. ஒயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்பவை, தனி அடாப்டர் வேண்டாம். கரண்டு போனாலும் லேப்டாப்பில் ஓடும். ஆனால் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். தைத்த பேரேட்டின் நடுமடிப்பு மங்கலாகத்தான் வரும். சி.சி.டி. வகை சற்று உயரத்தில் இருப்பதையும் பார்க்கும், ஆனால் விலையும் கனமும் அதிகம். தனித் தாள்களே அதிகம் உள்ளவர்கள் சி.ஐ.எஸ். வாங்கினால் குறையில்லை. பேரேட்டை லேசாக அழுத்திப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மூடி மேலே எழும்பிக் கொடுக்கிறதா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணாடியின் நீளம். இதை யாரும் சொல்வதில்லை. வீட்டு ஸ்கேனர்களின் கண்ணாடி ஏ4 அளவு. அதாவது நீளம் 11.7 அங்குலம். நம் முத்திரைத்தாளும் பழைய கணக்குத் தாளும் அதைவிட இரண்டு அங்குலம்போல் நீளம். கீழே சாட்சிக் கையெழுத்து இருக்கும் பகுதிதான் வெட்டுப்படும்! ஆகவே அப்படிப்பட்ட தாளை மேல்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று என்று இரண்டு தடவை எடுக்க வேண்டும். நடுவில் நாலு வரி இரண்டிலும் வரும்படி பார்த்துக்கொண்டால், இரண்டும் ஒரே தாள் என்பதில் சந்தேகம் வராது. பெரிய கண்ணாடி உள்ளவற்றின் விலை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

நான்காவது, டிரைவர். நம் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறதோ அதற்கு அந்த மாடலுக்கான டிரைவர் கம்பெனியின் தளத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், மெஷின் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் அதை அடையாளம் காணாமல் போகலாம். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இது முக்கியம்.

ஐந்தாவது, பில். நம்மில் பலர் இத்தகைய சாமான் வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகிறோம். அங்கே நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, ஐ.ஜி.எஸ்.டி. போட்டுத்தான் பில் கேட்க வேண்டும். கர்நாடக எஸ்.ஜி.எஸ்.டி. போட்ட பில்லுக்குத் தமிழ்நாட்டுக் கணக்கில் வரவு கிடையாது. வரி 18 சதவீதம். 6,000 ரூபாய் பில்லில் சுமார் 915 ரூபாய் வரியாகும். வியாபாரக் கணக்குக்குப் பயன்படுத்தினால்தான் இந்த வரவு. பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் வாங்கினால் எடுக்கக் கூடாது.

வாங்கிய பின்

மெஷின் வாங்குவது பாதி வேலைதான். வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு தாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் ஆகும். தெர்மல் பில்லை வந்த வாரமே எடுத்துவிட வேண்டும். மங்கியதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் 'கிரே' முறையில் எடுத்தால் எழுத்து தெரியும். முத்திரை, நீலமைக் கையெழுத்து உள்ளவற்றைக் கலரில் எடுக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி, பார்ட்டி பெயர், பில் எண் மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்கேன்1, ஸ்கேன்2 என்று ஆயிரம் சேர்ந்து, தேடும்போது ஒன்றும் கிடைக்காது. பிரதி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று வீட்டில், மற்றொன்று வேறு இடத்தில். மின்னணு முறையில் கணக்கு வைப்பவர் மாற்றுப் பிரதி வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57ம் சொல்கிறது.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்று அசலைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. புரோநோட்டுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் அசலே உயிர். ஆனாலும் நகலால் ஒரு பெரிய உதவி உண்டு. நம் வட்டாரத்துப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். 1965க்கு முன் எழுதியதில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். அதன்பின் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி முதல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம். பாங்கிக் கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ போகும்போது வக்கீல் இந்தத் தொடர்ச்சி முழுவதையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அசலைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட நகலைக் காட்டிப் பேசிவிட்டு, கடைசியில் அசலைக் கொண்டுபோவது பத்திரமானது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கண்ணாடி உள்ள ஏ3 ஸ்கேனர் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்கலாம். உறுப்பினர்கள் தம் பென் டிரைவைக் கொண்டுவந்து, பத்திரங்களையும் பேரேடுகளையும் தாமே எடுத்துக்கொண்டு, சங்கக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தங்காமல் அழித்துவிட்டுப் போகும்படி ஓர் ஒழுங்கு செய்யலாம். சிறு கட்டணம் வைத்தால் மெஷின் விலை விரைவில் வந்துவிடும். சிறு கடைக்காரர்களுக்கும், கம்ப்யூட்டர் பழக்கமில்லாத மூத்த வணிகர்களுக்கும் இது பெரிய ஒத்தாசை. அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மூட்டை மிளகாயின் விலைகூட ஆகாத மெஷின் இது. பரணில் இருக்கும் ஃபைல்களைக் கரையான் பார்ப்பதற்கு முன் நாம் பார்த்துவிடுவோம்.