தலைச்சுமை லேசான வேலையா?

தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பார்கள். பெண்கள் அதைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். என் அம்மாவும் சுமந்தவர். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே வெயில், ஒரே உப்புத்தண்ணீர். கூலி மட்டும் அப்பாவுக்கு அதிகம். ஏன் என்று கணக்கப்பிள்ளையிடம் ஒருமுறை கேட்டார். "வாருறது ஆம்பள வேல. ஒனக்கு லேசான வேலதான" என்றார் அவர். அம்மாவைவிட இருபது வயது இளையவர். எங்கள் தெரு ஆட்களிடம் ஒருமையில்தான் பேசுவார்.

அதே உப்பை மூட்டையாக்கி லாரியில் ஏற்றும் ஆணுக்கு லோடுமேன் என்று பெயர். அங்கே சுமப்பது கனமான வேலை ஆகிவிடுகிறது! சாதி முதலில் ஆளைப் பிரித்துத் தட்டுத்தட்டாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். வேலையின் மதிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. தலித் பெண்ணுக்கு இந்த அடுக்கு இரண்டு மடங்கு.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சமக் கூலி என்றது. பெண் சுருக்கெழுத்தாளருக்குக் குறைத்துக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சில்லறை வேறுபாடுகளைக் காட்டியோ, கட்டுப்படியாகவில்லை என்று சொல்லியோ தப்ப முடியாது என்றது.

ஆனால் அவருக்குச் சம்பளக் கணக்கு இருந்தது. அம்மாவுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. எதைக் காட்டி வழக்குப் போடுவது? அளத்துக்கு வரும் தொழிலாளர் ஆய்வாளர்கள் முதலில் கேட்க வேண்டியது பெயர், வேலை, கூலி மூன்றும் எழுதிய அந்தச் சீட்டைத்தான்.