அலகில்லா எண்களுக்கும் அர்த்தமுண்டு

இயற்பியல் தேர்வில் எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்தும் அலகை எழுத மறந்தால் மதிப்பெண் குறையும். இது நியாயமே. நம் வெள்ளானூர்ப் பக்கத்தில் மனை வாங்குவோர் சிலர் சென்ட் கணக்கிலும், சிலர் கிரவுண்டு கணக்கிலும் பேசுகின்றனர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பத்திரத்தில் வெறுமனே 'ஐந்து' என்று எழுதினால் வாங்குபவர் கதி என்ன?

ஆனால் ஒப்படர்த்தி, ஒளிவிலகல் எண் ஆகியவற்றிற்கு நேரே 'அலகு இல்லை' என்று படிக்கும்போது, அவற்றை ஏதோ குறையுள்ள அளவுகளாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணுவது சரியன்று என்பதே எங்கள் கருத்து.

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு அளவுகளில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அலகுகள் அடிபட்டுப் போகும். ஒரு கிரவுண்டில் எத்தனை சென்ட் என்று சதுர அடியில் கணக்கிட்டாலும், சதுர மீட்டரில் கணக்கிட்டாலும் ஏறக்குறைய ஐந்தரைதான் வரும். எந்த நாட்டு அளவுகோலாலும் அந்த எண்ணை மாற்ற இயலாது.

காலையில் வாங்கும் பாலையே பாருங்கள். அதன் ஒப்படர்த்தி சுமார் 1.03, தண்ணீருக்கு 1. பாலில் தண்ணீர் சேரச் சேர அந்த எண் ஒன்றை நோக்கி இறங்கும். பால்மானி காட்டிக் கொடுப்பது இதைத்தான். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5. இரண்டும் வெறும் எண்களே. ஆயினும் அசலையும் போலியையும் பிரித்துக் காட்டுகின்றன.

கோணமும் இவ்வினமே. வட்ட வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துப் பெறுவது அது. 1802-ஆம் ஆண்டு பரங்கிமலை அருகே லாம்டன் என்பவர் ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன்பின் பெரும்பாலும் முக்கோணங்களின் கோணங்களைக் கொண்டே நிலஅளவை தொடர்ந்து, இந்தியா முழுவதும் பரவியது. சங்கிலி எட்டாத மலைகளையும் கோணம் எட்டியது!

நகைக்கடையிலும் இப்பாடம் உண்டு. சவரன் என்பது 8 கிராம்; அது எடை. தங்கத்திற்குச் சொல்லும் 22 காரட் என்பதோ 24-இல் 22 பங்கு சுத்தம் என்னும் விகிதம். ஹால்மார்க் முத்திரையில் காணும் 916-ம் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்பதே. ஆகவே ஒரு சவரன் 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். எத்தனை சவரன் என்று மட்டும் கேட்டு, எவ்வளவு சுத்தம் என்று கேளாதவர் பாதிக் கேள்வியே கேட்கிறார்.

இங்கே பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே இனத்தவற்றையே ஒப்பிடலாம். கிலோகிராமை மீட்டரோடு கூட்ட முடியாது. அப்படியிருக்க, பெண் பார்க்க வருவோர் "எத்தனை சவரன் போடுவீர்கள்?" என்று கேட்டு, ஒரு தட்டில் பெண்ணையும் மறுதட்டில் பொன்னையும் வைப்பது எந்தக் கணக்கு? 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்திற்கு மட்டுமன்று, பத்தாம் வகுப்பு இயற்பியலுக்கும் அது ஒவ்வாது.

தோழியரே! அலகு வேண்டிய இடத்தில் மறவாமல் எழுதுவோம். வேண்டாத இடத்தில் 'அலகு இல்லை' என்று துணிந்து எழுதுவோம். ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிடுவோரைக் கண்டால், கணக்கு தவறு என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்வோம்.