கண்ணாடியைக் கழற்றுமுன்



2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரிலிருந்து படிப்புக்கும் வேலைக்குமாகச் சென்னை வந்த நம் வாலிபர் சிலர், கையில் பணம் சேர்ந்தவுடன் லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றிவிட விரும்புகின்றனர். திருமண ஆலோசனைக்காகப் பெண்பிள்ளைகளை வற்புறுத்தும் பெற்றோரும் உண்டு. (மணமகளின் கண்ணாடியைக் குறையென எண்ணும் வழக்கம் நம் சபைகளிலும் இருப்பது வருத்தத்திற்குரியது.)

இச்சிகிச்சையை அவிசுவாசம் என்று நான் சொல்லேன். ஆனால் அது கருவிழியின் பலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எடுத்தது மீண்டும் வளருவதில்லை.

கருவிழியின் தடிப்பு நடுவில் ஏறக்குறைய 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணின் உள்ளழுத்தம் அதை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. கொலாஜன் நார்கள் பின்னிப் பிணைந்து அதைத் தாங்குகின்றன. அந்நார்கள் மிக உறுதியாய் நெய்யப்பட்டிருப்பது முன்பகுதியில். லாசிக்கில் வெட்டப்படுவதும் அப்பகுதியே. சுமார் 110 மைக்ரான் தடிப்புள்ள மடலைத் திறந்து, அதன் அடியில் ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான் வீதம் லேசரால் நீக்குகின்றனர். மடலை மூடினாலும் அது முன்போல் பாரம் தாங்குவதில்லை. 480 மைக்ரான் கருவிழியும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: தாங்குவதற்கு மீதியாவது 250 மைக்ரான். நெடுங்காலம் அதுவே கடைசி எல்லையாகக் கொள்ளப்பட்டது. இன்று மருத்துவர் பலர் 300 கேட்கின்றனர்.

எல்லை மீறினாலும், கருவிழி முன்னமே பலவீனமாயிருந்தாலும், அது மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கூம்புபோல் முன்தள்ளிப் பார்வையைக் குலைக்கக்கூடும். 1998இல் தியோ சைலர் என்னும் மருத்துவர் இதை எடுத்துரைத்தார். இது அரிதானதே. வந்துவிட்டால், ரைபோஃப்ளேவின் சொட்டுமருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு நார்களை இறுக்கி, மேலும் பெருகாமல் நிறுத்த முயல்வர். மிக மெலிந்த கருவிழிக்கு, அம்மருந்தில் ஊறிய கான்டாக்ட் லென்ஸை வைத்துச் செய்யும் முறையைச் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் வெளியிட்டனர். எனினும் இழந்த தடிப்பு திரும்புவதில்லை.

ஆகையால் கருவிழியின் தடிப்பையும் வளைவையும் அளக்காமல் நாள் குறிக்காதீர்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம், ஆண்டுதோறும் பவர் மாறுவது, குடும்பத்தில் ஒருவருக்குக் கூம்புக் கருவிழி இருப்பது ஆகியவற்றை மறைக்காதீர்கள். பெத்சாயிதாவின் குருடனிடம் ஆண்டவர் எதையாகிலும் காண்கிறாயா என்று விசாரித்தபோது, தெளிவில்லை என்பதை அவன் ஒளிக்கவில்லையே. மருத்துவர் வேண்டாம் என்றால், சம்மதிக்கும் வேறொருவரைத் தேடி அலையவேண்டாம். ஜெபத்தில் உத்தரவு கிடைத்தது என்று அவரை நெருக்கவும் வேண்டாம்.

தீவுக்குத் திரும்புவோர் சிகிச்சைக்கு முந்தின அளவுகளின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். சிகிச்சை நடந்ததை அறியாத மருத்துவர் பிற்காலத்தில் கிளாக்கோமாவைக் கவனியாமல் விட வாய்ப்புண்டு. மருத்துவர் குறித்த முதல் பரிசோதனைகள் முடியுமுன் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.