பையைப் பார்த்துக்கொள்ள அப்பா எதற்கு? குறைப்பார்வை உள்ளவர்களோடு பீச்சுக்குப் போவது எப்படி?

கடந்த மே மாதம் விளாங்குடியிலிருந்து குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருந்தோம். வேன் நின்றதும் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து ஓடினோம். அப்பா மட்டும் இறங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அங்க என்ன தெரியப்போகுது? பையை நான் பார்த்துக்கிறேன்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை, நானும்தான்.

அப்பாவுக்கு கிளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிட்டது. பேப்பர் தலைப்பைப் படிப்பார், ஆனால் காலடியில் கிடக்கும் கல் தெரியாது. அன்றைக்கு அவரை விட்டுவிட்டுப் போனதை அக்கறைன்னு நினைச்சோம். உண்மையில், எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு எங்களுக்குத்தான் தெரியவில்லை.

குறைப்பார்வை என்றால் என்ன?

கண்ணாடி போட்ட பிறகும் சரியாகாத பார்வைக் குறைவைத்தான் 'லோ விஷன்' என்கிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கும் கீழே போய் 3/60 வரை இருந்தால் அது குறைப்பார்வை. அதாவது, மற்றவர்கள் 18 மீட்டரில் பார்ப்பதை இவர்கள் 6 மீட்டர் அல்லது அதைவிடக் கிட்டே போய்த்தான் பார்க்க முடியும். பார்வைப் பரப்பு 40 டிகிரிக்கும் கீழே சுருங்கி 10 டிகிரி வரை இருந்தாலும் இதே கணக்குதான். முழு இருட்டு கிடையாது என்பதால், வீட்டிலேயே பலருக்கு இது புரிவதில்லை.

பீச்சில் என்ன சிக்கல்?

முதல் எதிரி கூச்சம். வானம், மணல், தண்ணீர் மூன்றிலிருந்தும் வெளிச்சம் அடிக்கிறது. அடுத்தது, மணலின் மேடு பள்ளம் எல்லாம் ஒரே நிறம். படகு கட்டிய கயிறும் மணலோடு மணலாகக் கலந்துவிடும்.

குடும்பம் என்ன செய்யலாம்?

உச்சி வெயிலைத் தவிருங்கள். முன்பக்கம் நீண்ட தொப்பியும், டாக்டரிடம் கேட்டு வாங்கிய நிறக் கண்ணாடியும் கூச்சத்தைக் குறைக்கும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரை அடி முன்னால் நடங்கள். "பார்த்து, பார்த்து" என்று கத்துவதால் பயன் இல்லை. "ரெண்டு அடியில கயிறு இருக்குப்பா" என்றால் அவருக்குப் புரியும். ஈரமணல் இறுக்கமாக இருக்கும், அங்கே நடப்பது சுலபம். ஆனால் இழுப்பு உள்ள கடலில் யாராக இருந்தாலும் தள்ளியே நடக்க வேண்டும்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், சுமார் 1.14 கோடி ரூபாய் செலவு. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் பாதை என்றாலே நமக்கு வீல்சேர் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஓரத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு, படி விளிம்பில் வேறு நிறம், காலுக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்கள் இருந்தால் அப்பா மாதிரி ஆட்கள் தனியாகவே நடப்பார்கள். அந்தக் கற்களை ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-லேயே கண்டுபிடித்துவிட்டார்!

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது. ஆயிரம் கி.மீ.க்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் இது மெரினாவோடு நின்றால் போதாது. மதுரைக்காரர்கள் குடும்பத்தோடு போகும் ராமேஸ்வரம், திருச்செந்தூர், தூத்துக்குடி கரைகளிலும் கட்டாயம் வேண்டும்.

ஆகஸ்டில் திருச்செந்தூர் போனோம். காலை ஆறு மணி, கூட்டம் இல்லாத பக்கம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஈரமணலில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கையை விட்டுவிட்டு, "போறப்ப அலை வலது காதுல கேக்குது. இடது காதுல கேட்டா திரும்பி வரேன்னு அர்த்தம். அவ்ளோதானே?" என்றார். அன்றைக்குப் பை வேனிலேயே கிடந்தது.